வெறுங்கையோடு வந்தாலும் கணக்கு எழுதுங்கள்: ஒன்ராறியோவில் காடேறும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், இப்போது உங்களோடு காடேறத் தொடங்கியிருக்கும் தங்கைமாருக்கும் வணக்கம்.

மூஸ் என்ற பெரிய காட்டுமானின் வேட்டைப் பருவம் முடியப்போகிறது. மானுக்குத் துப்பாக்கி தூக்கும் கிழமைகள் பல இடங்களில் முடிந்துவிட்டன. வில் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னும் விடியற்காலையில் மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நாட்களில் எங்கள் வட்டத்தில் பேச்செல்லாம் யாருக்கு என்ன விழுந்தது, கொம்பில் எத்தனை கிளை, இறைச்சியை எங்கே வெட்டக் கொடுத்தீர்கள் என்பதாகவே இருக்கிறது. விழுந்ததா இல்லையா என்று அமைச்சுக்கு அறிக்கை கொடுத்தாயா என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டு என் காதில் விழவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சட்டத்தில் குழப்பம் ஏதுமில்லை. 2019 ஆம் ஆண்டிலிருந்து இந்த மாகாணத்தில் மூஸ், வெள்ளைவால் மான், எல்க், கருங்கரடி, ஓநாய், கயோட்டி, காட்டு வான்கோழி ஆகியவற்றுக்கு டேக், அதாவது ஒரு விலங்கைச் சுட அனுமதிக்கும் சீட்டு, வாங்கிய ஒவ்வொருவரும் பருவம் முடிந்ததும் அறிக்கை கொடுக்கவேண்டும். சுட்டவர் மட்டுமல்ல, சுடாதவரும். காட்டுப் பக்கமே போகாமல், அந்தச் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்வந்தவரும். அதற்கு முன்பு இயற்கைவள அமைச்சு மூஸ், மான் வேட்டைக்காரரில் ஒரு பகுதியினருக்கு அஞ்சலட்டை அனுப்பி விபரம் கேட்டது. மனம் வந்தவர் நிரப்பி அனுப்பினார். இப்போது மனம் வருவதும் வராததும் பேச்சில்லை.

இருந்தும் எங்கள் ஆட்களில் பலர் எழுதுவதில்லை. ஏன் என்று கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன.

முதற்பதில்: "எனக்குத்தான் ஒன்றும் விழவில்லையே, என்னத்தை எழுதுவது?" இரண்டாவது: "விழுந்ததை எழுதினால் அடுத்த வருடம் டேக்கைக் குறைத்துவிடுவார்கள்." மூன்றாவதை யாரும் உரத்துச் சொல்வதில்லை. அரசாங்கம் கேட்கும் படிவத்தில் பெயரையும் இடத்தையும் எழுதுவது என்றால் எங்களில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். கொழும்பில் ஒரு அறையில் தங்குவதற்கே பொலிஸ் பதிவுத் துண்டு தேவைப்பட்ட காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். எந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்று தெரியாமல் வளர்ந்த ஆளிடம், "இதில் பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன்: துப்பாக்கி உரிமம் எடுத்தபோதும், வேட்டைப் பாடநெறி முடித்து அவுட்டோர்ஸ் கார்ட் என்ற வேட்டைக்காரர் அட்டை எடுத்தபோதும், சீட்டு வாங்கியபோதும் உங்கள் பெயரும் முகவரியும் கொடுத்தாகிவிட்டது அல்லவா? இனி அறிக்கையில் நீங்கள் கொடுக்கப்போவது உங்களைப் பற்றிய விபரம் அல்ல, மானைப் பற்றியது.

மற்ற இரண்டு பதில்களுக்கும் மறுமொழி ஒன்றுதான். அது கணக்கில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

மாகாணத்தை 1 முதல் 95 வரை இலக்கமிட்ட வனவிலங்கு முகாமைப் பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். மூஸைப் பொறுத்தவரை, மாரியில் இலையுதிர்ந்த மரங்களுக்கு மேலாக விமானத்தில் பறந்து எண்ணுகிறார்கள். பனியில் அதன் கரிய உடம்பும் கால்தடமும் மேலிருந்து தெரியும். எல்லாப் பிரிவுக்கும் ஒவ்வோர் ஆண்டும் பறக்க முடியாது. முறை வைத்துத்தான் பறக்கிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து, இந்தப் பிரிவில் இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை கன்று எடுக்கலாம் என்று ஒரு வரம்பு போடுகிறார்கள். அந்த வரம்பே சீட்டின் எண்ணிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். சீட்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் மூஸ் விழுவதில்லை. எத்தனை சீட்டுக்கு ஒரு மூஸ் விழுகிறது என்று பார்த்துத்தான் எத்தனை சீட்டுக் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள்.

ஒரு பிரிவில் 30 ஆண் மூஸ் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சீட்டுக்கு ஒன்று விழுகிறது என்றால் 120 சீட்டுக் கொடுக்கலாம். கொடுத்தார்கள். 30 பேருக்கு விழுந்தது. அந்த 30 பேரும் பெருமையோடு எழுதிவிட்டார்கள். வெறுங்கையோடு வந்த 90 பேரில் பாதிப்பேர், "என்னத்தை எழுதுவது" என்று இருந்துவிட்டார்கள். கையில் வந்த அறிக்கை 75. அதில் 30 பேருக்கு விழுந்திருக்கிறது. நான்கில் ஒன்று இப்போது ஐந்தில் இரண்டாகத் தெரிகிறது. இதே 30 மூஸுக்கு அடுத்த ஆண்டு கொடுக்கக்கூடிய சீட்டு 75 ஆகச் சுருங்குகிறது. காட்டில் ஒரு மூஸ்கூடக் குறையவில்லை. குறைந்தது 45 சீட்டு. அதைக் குறைத்தவர்கள் வீட்டில் பேசாமல் இருந்தவர்கள்.

அமைச்சில் இருப்பவர்கள் இந்தக் கோணலை அறியாதவர்கள் அல்ல. எழுதாதவர்களுக்காக ஏதோ ஒரு திருத்தம் போட்டுத்தான் பார்ப்பார்கள். ஆனால் திருத்தம் என்பது நீங்கள் சொல்லாததை அவர்கள் ஊகிப்பது. உங்களுக்கு ஒன்றும் விழவில்லை என்று உங்களைவிட அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது பதிலைச் சொல்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். விழுந்ததை மறைத்தால் சீட்டுக்கு விழும் விகிதம் குறைவாகத் தெரியும், அடுத்த ஆண்டு சீட்டுக் கூடுதலாகக் கிடைக்கும், உண்மைதான். கெட்டித்தனமாகத் தோன்றும். கூடுதலாகக் கிடைத்த சீட்டில் காடு தாங்காத அளவுக்கு மூஸ் விழும். அடுத்த தடவை விமானம் பறக்கும்போது அது தெரிந்துவிடும். பிறகு வெட்டு விழும்போது ஒரேயடியாக விழும். 2021 இல் நடந்த மாற்றத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்பு பெரும்பாலான பிரிவுகளில் மூஸ் உரிமம் எடுத்த எவரும் கன்றுக்கான பருவத்தில் கன்று சுடலாம். இன்று கன்றுக்கும் ஒதுக்கீடு, கன்றுக்கும் தனிச் சீட்டு. அந்த மாற்றத்தில் வைத்த கட்டணம் விண்ணப்பத்துக்கு 15 டொலர், உரிமத்துக்கு 35, அதன் மேல் ஆண் மூஸ் சீட்டுக்கு 200, பெண்ணுக்கு 150, கன்றுக்கு 30. வருடக்கணக்காக விண்ணப்பித்துப் புள்ளி சேர்த்தவருக்குத்தான் நல்ல பிரிவில் ஆண் சீட்டுக் கிடைக்கிறது. இவ்வளவு காசும் காத்திருப்பும் எதன்மேல் நிற்கின்றன? எண்ணிக்கையின்மேல். அந்த எண்ணிக்கையில் ஒரு துண்டு உங்கள் கையில் இருக்கிறது.

மானின் கதை இதைவிட மோசம். காட்டு விளிம்பிலும் பண்ணைக் காணியிலும் ஒளிந்து திரியும் மானை மூஸைப்போல விமானத்திலிருந்து எண்ணிவிட முடியாது. வேட்டைக்காரரின் அறிக்கையும் அந்த மாரியில் பனி எவ்வளவு ஆழம், எத்தனை கிழமை கிடந்தது என்பதும்தான் பெரும்பாலும் கணக்கு. கொம்பில்லாத மானுக்கு எந்தப் பிரிவில் எத்தனை சீட்டு என்று குலுக்கலுக்கு விடுகிறார்களே, அது பெண் மான் எத்தனை விழுகிறது என்ற விபரத்தில் தொங்குகிறது. நாம் எழுதாவிட்டால் அவர்கள் இருட்டில் துழாவுவார்கள். பிறகு "இந்த முறையும் எனக்குக் கொம்பில்லாத சீட்டு வரவில்லை" என்று கோப்பிக் கடையில் புலம்புவதும் நாமேதான்.

அறிக்கை இவ்வளவு. இனிக் காட்டிலேயே செய்யவேண்டியதற்கு வருகிறேன்.

முன்பு அமைச்சு தந்த முத்திரைச் சீட்டை விலங்கில் கட்டினோம். 2019 க்குப் பிறகு வீட்டு அச்சுப்பொறியில் சாதாரணத் தாளில் அச்சிட்டுக்கொண்டு போகிறோம். இந்தத் தாள் எனக்குப் பிடித்ததல்ல. நவம்பர் மழையில் மை ஊறும். நாலாக மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்தால் இரண்டு நாளில் மடிப்பில் கிழியும். ஆனால் சட்டத்தின் கண்ணில் இது தாளல்ல, உங்கள் உரிமை. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டு உள்சட்டைப் பையில் வையுங்கள்.

விலங்கு விழுந்து, இறந்துவிட்டதை உறுதிசெய்து, துப்பாக்கியை வெறுமையாக்கிய பிறகு முதல் வேலை சீட்டை வெட்டுவது. வயிற்றைக் கீறுவதற்கு முன், வண்டிவரை இழுப்பதற்கு முன், வீட்டுக்குப் படம் அனுப்புவதற்கு முன். பேனாவால் கோடு போட்டால் செல்லாது. கேட்கப்பட்ட தேதி, நேரக் கட்டங்களைக் கத்தியால் வெட்டி எடுக்கவேண்டும். கையுறையைக் கழற்றிய விரல் அந்தக் குளிரில் மரத்துப்போகும். தாளைத் தொடையில் வைத்து வெட்டினால் காற்சட்டையும் சேர்ந்து கிழியும். நான் தோட்டாப் பெட்டியைக் கீழே வைத்து, அதன்மேல் தாளை விரித்து, சின்னக் கத்தியின் நுனியால் ஒவ்வொரு கட்டமாகக் குத்தி எடுப்பேன். கத்தி சுத்தமாக இருக்கும்போதே செய்துவிடவேண்டும். கொழுப்புப் பட்ட கத்தியால் தாளைத் தொட்டால் எழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும்.

இப்போதைய வழக்கம் தலைகீழ். முதலில் கொம்பைப் பிடித்துக்கொண்டு படம். பிறகு காணொளி அழைப்பு. மொன்றியலில் மச்சான், பிரான்ஸில் சித்தப்பா எல்லாரும் பார்த்து முடிக்க அரை மணித்தியாலம் போய்விடும். வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் அந்த நேரத்தில் வந்து நின்றால், கைபேசியில் சுட்ட நேரம் நிமிடக் கணக்கில் பதிந்திருக்கும், சீட்டில் ஒரு கட்டமும் வெட்டப்பட்டிராது. அவர் என்ன நினைப்பார்? வெட்டாத சீட்டால் இன்னொரு மானும் சுடலாம். அதைத் தடுக்கத்தான் இந்த வெட்டு. "மறந்துவிட்டேன்" என்பவரையும் "மறுபடி பாவிக்க வைத்திருந்தேன்" என்பவரையும் சீட்டைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லியே ஆகவேண்டும். மனைவியின் பெயரிலும் தாயின் பெயரிலும் பாடநெறி முடிப்பித்து, உரிமம் எடுப்பித்து, அவர் ஸ்காபரோவில் இடியப்பம் பிழிந்துகொண்டிருக்க, அவருடைய சீட்டில் வடக்கே பரி சவுண்ட் காட்டுப் பக்கம் மான் சுடுவது. கூட்டு வேட்டை சட்டப்படி சரிதான். ஒருவர் சீட்டில் குழுவிலுள்ள இன்னொருவர் சுடலாம். ஆனால் சீட்டுக்காரரும் அந்த வேட்டையில் இருக்கவேண்டும். மானென்றால் 5 கிலோமீட்டருக்குள், உடனுக்குடன் பேசிக்கொள்ளக்கூடியபடி. ஒன்று விழுந்தால் அந்தக் கணமே மற்றவர்களுக்கு அறிவிக்கவேண்டும். சமையலறையிலிருந்து வேட்டையாடும் அம்மாவுக்கு அறிக்கையில் எந்தப் பிரிவு, எத்தனை நாள் என்று எழுதுவீர்கள்? பொய்யைத்தான் எழுதவேண்டிவரும், அல்லது எழுதாமல் விடவேண்டிவரும். எங்கள் வட்டத்தில் எழுதப்படாத அறிக்கைகளில் ஒரு பங்கு இந்த வகை என்பது என் ஊகம். வனவிலங்குச் சட்டத்தில் தண்டம் 25,000 டொலர்வரை போகலாம், ஓராண்டுவரை சிறையும் உண்டு. அந்த வழக்கில் பெயர் வரப்போவது உங்கள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

"அப்படியென்றால் பூர்வகுடிகளுக்கு மட்டும் டேக் வேண்டாமா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஒவ்வொரு முகாம் நெருப்பைச் சுற்றியும் இது வருகிறது. அவர்களுடைய உரிமை 1982 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 35 ஆம் பிரிவில் இருக்கிறது. நாங்களும் எங்களுக்கு முன் வந்தவர்களும் இந்த மண்ணில் கால் வைப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பிருந்து வரும் உரிமை அது. எங்களுடையது காசு கொடுத்து எடுக்கும் அனுமதி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்களுக்கு நான் ஸ்டீவ் பவுலியின் கதையைச் சொல்வதுண்டு.

1993 ஒக்டோபர் 22 அன்று, சூ செயின்ட் மேரிக்கு அருகில், ஸ்டீவ் பவுலியும் மகன் ரொடியும் ஓர் ஆண் மூஸை வீழ்த்தினார்கள். அவர்கள் பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்து உருவான மேட்டி இனத்தவர். மாகாணம் அப்போது அவர்களுக்கென்று எந்த வேட்டை உரிமையையும் ஏற்கவில்லை. அவர்களிடம் மூஸ் உரிமமும் இல்லை. ஸ்டீவ் என்ன செய்தார் தெரியுமா? கையாலேயே ஒரு சீட்டு எழுதி மூஸின் காதில் மாட்டினார். எப்போது, எங்கே சுட்டது என்பதும், மாரிக்கான இறைச்சி இது என்பதும், தன்னுடைய சங்க உறுப்பினர் இலக்கமும் அதில் இருந்தன. கீழே கையொப்பமும் வைத்தார். அன்றைக்கே அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். சுட்டது தாங்கள்தான் என்று தகப்பனும் மகனும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு கிழமை கழித்து வழக்கு. உரிமமில்லாமல் வேட்டையாடியது, அப்படிச் சுட்டதை வைத்திருந்தது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். பத்து வருடம் நீதிமன்றப் படி ஏறி, 2003 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேட்டி மக்களின் உரிமைக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. அதன் தொடக்கத்திலேயே அந்தக் கையெழுத்துச் சீட்டின் விபரம் வருகிறது. வென்றது சீட்டால் அல்ல, அவர்களுடைய சமூகத்தின் வரலாற்றால். ஆனாலும் எனக்கு அந்தச் சீட்டில்தான் மனம் நிற்கிறது. அரசு தராத சீட்டைத் தானே எழுதித் தன் பெயரை வைத்தார் அவர். அரசே தரும் சீட்டில் நாலு கட்டம் வெட்ட எங்களுக்குப் பஞ்சி.

இறைச்சியைப் பற்றியும் இரண்டு சொல். ஊரில் பங்கு இறைச்சி வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி, அடித்து, சரிபங்காகக் கூறு போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று காசு பிரிப்பது. அருமையான வழக்கம். அதை அப்படியே மூஸுக்குக் கொண்டுவராதீர்கள். காட்டு இறைச்சியைக் கொடுக்கலாம், விற்க முடியாது. "ஒரு பங்கு இவ்வளவு" என்று கைபேசிக் குழுவில் போட்ட நிமிடமே அது வியாபாரம். வியாபாரத்துக்கென்று நடந்த குற்றத்துக்குத் தண்டம் 100,000 டொலர்வரை ஏறலாம். காட்டுக்குப் போனவர்கள் பெற்றோலுக்கும் குடிசை வாடகைக்கும் தங்களுக்குள் காசு பிரிப்பது வேறு. போகாதவரிடம் இறைச்சிக்கென்று காசு வாங்குவது வேறு. அயலவருக்குக் கொடுப்பதானால் சும்மா கொடுங்கள்.

மான் தலையைக் கேட்டால் கொடுங்கள் என்பது அடுத்தது. மான் இனத்தைப் பிடிக்கும் தேய்வு நோய் ஒன்று இருக்கிறது. மூளையைத் தின்னும், மருந்தில்லை, முடிவு சாவு. 1967 இல் கொலராடோவில் அடைப்பில் வளர்த்த மான்களில் முதலில் காணப்பட்டது. சஸ்கச்சுவான், அல்பேர்ட்டா காடுகளில் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2018 இல் எங்கள் எல்லைக்கு அருகே கியூபெக்கில் ஒரு சிவப்பு மான் பண்ணையில் வந்தது. ஒன்ராறியோ 2002 இலிருந்து வேட்டைக்காரர் கொடுக்கும் தலைகளைச் சோதித்துவருகிறது. எங்கே விழுந்த மான் என்று சரியாகச் சொன்னால்தான் அந்தச் சோதனைக்குப் பெறுமதி. "எங்கள் கறிக்குள் எந்தக் கிருமி உயிரோடிருக்கும்" என்று சிரிப்பவர்களுக்கு: இது கிருமியல்ல, முறை தவறி மடிந்த ஒரு புரதம். எத்தனை விசில் வைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானை உண்ணவேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையினரின் அறிவுரை. வேறு மாகாணத்தில் சுட்டால் தலையையும் முள்ளந்தண்டையும் இங்கே கொண்டுவருவது சட்டப்படி குற்றம், கறி தனியாக வரட்டும்.

இனி நான் உங்களிடம் கேட்பது. மூஸ் அறிக்கைக்கு டிசம்பர் கடைசிவரை நாள் இருக்கிறது, மானுக்கு ஜனவரி நடுவரை. சரியான தேதி உங்கள் உரிமக் கணக்கில் தெரியும். இணையத்தில் கொடுக்கலாம், தொலைபேசியிலும் கொடுக்கலாம். உட்காருவதற்கு முன் அவுட்டோர்ஸ் கார்டும், எந்தப் பிரிவில் எத்தனை நாள் நின்றீர்கள் என்ற குறிப்பும் கையில் இருந்தால் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். விழுந்தவர்கள் விழுந்த தேதியையும் ஆணா பெண்ணா கன்றா என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த உரிமம் வாங்கப் போகும்போது தண்டக் கட்டணம் கேட்பார்கள்.

வில்லோடு டிசம்பர் கடைசிவரை நிற்பவர்கள் மட்டும் பருவம் முடியும்வரை பொறுங்கள். மற்றவர்கள் இந்த வார இறுதியிலேயே முடித்துவிடுங்கள். இங்கிலீசில் படிவம் நிரப்பத் தயங்கும் பெரியவர்கள் சிலர் எங்கள் குழுக்களில் இருக்கிறார்கள். வன்னியில் இடியன் துவக்கோடு திரிந்த கைகள், கணினி மட்டும் ஒத்துவராது. குழுவில் இளையவர் யாரோ அவர் அந்தப் பொறுப்பை எடுக்கட்டும். அவர்களை உட்காரவைத்து, கேள்வியைத் தமிழில் வாசித்துச் சொல்லி, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே போடுங்கள். ஒன்றும் விழவில்லை என்றால் பூச்சியம் என்று போடுங்கள். மரியாதைக்காக ஒரு மானைச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்களோடு காடேறும் ஒருவன்